முகத்துக்குள் ஒரு பனங்காடு: டபுள் எக்ஸ்போஷர் படம் செய்யக் கற்றுக்கொள்வோம்

பக்கவாட்டில் திரும்பி நிற்கும் ஒரு முகம். தலைமுடி இருக்க வேண்டிய இடத்தில் பனையோலைகள் விரிந்திருக்கின்றன. கன்னத்தில் மரத்தின் தூர் லேசாகத் தெரிகிறது. தோளுக்குக் கீழே தேரி, அதாவது சிவந்த மணல்மேடு. கல்யாண ஆல்பத்திலும் புத்தக அட்டையிலும் சினிமா போஸ்டரிலும் இந்த மாதிரிப் படங்களை அடிக்கடி பார்க்கிறோம். இரண்டு படங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து செய்யும் இதற்கு டபுள் எக்ஸ்போஷர் என்று பெயர். மென்பொருளை இதுவரை தொட்டதே இல்லை என்றாலும் ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் முதல் படத்தைச் செய்துவிடலாம்.

பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கீழே சொல்வதெல்லாம் கிம்ப் 3.0-ஐ வைத்துத்தான். 2025-இல் வந்த இந்தப் பதிப்பில், ஒரு லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்களில் ஒன்றில்) செய்த வண்ணத் திருத்தத்தைப் பிறகு திறந்து மாற்ற முடியும். கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய நிம்மதி. ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களும், பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீயில் செய்பவர்களும் அதே வழியில் போகலாம். மெனு இருக்கும் இடம்தான் மாறும், வேலை ஒன்றுதான்.

முதலில் ஒரு கணக்கு

ஃபிலிம் கேமராவில் இதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். ஒரு படம் எடுத்த பிறகு ஃபிலிமை நகர்த்தாமல் அதே கட்டத்தில் இன்னொரு படம் எடுப்பார்கள். ஃபிலிமில் வெளிச்சம் பட்ட இடம் பதிவாகிவிடும். இருட்டாக இருந்த இடம் பதிவாகாமல் காலியாகவே இருக்கும். இரண்டாவது படம் அந்தக் காலி இடத்தில்தான் நன்றாக விழும். ஏற்கெனவே முழு வெளிச்சம் வாங்கிய இடத்தில் புதிதாக எதுவும் தெரியாது. ஆக, முதல் படத்தின் இருட்டுதான் இரண்டாவது படத்துக்கு இடம் கொடுக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1860-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் வில்லியம் மம்லர் என்பவர் 'ஆவிப் படங்கள்' எடுத்துப் புகழ்பெற்றார். உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால், இறந்துபோன உறவினர் மங்கலாக நிற்பதுபோல அந்தப் படங்கள் இருக்கும். 1869-இல் நியூயார்க்கில் அவர்மேல் மோசடி வழக்கு நடந்தது. தண்டனை இல்லாமல் வெளியே வந்துவிட்டார். பிறகு ஆபிரகாம் லிங்கனின் மனைவி மேரிகூட அவரிடம் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில், வெள்ளையாக இல்லாத பின்னணியிலும் மேரியின் கறுப்பு உடையிலும்தான் லிங்கனின் உருவம் தெரிகிறது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்திருந்தால் எந்த ஆவியும் வந்திருக்காது.

மென்பொருளில் இந்த வேலையைச் செய்வது 'ஸ்க்ரீன்' என்ற கலப்பு முறை. இரண்டு ஸ்லைடு புரொஜெக்டர்களை ஒரே திரையில் அடித்தால் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியின் கருமை 0.1, அதன்மேல் வரும் வானம் 0.9 என்றால் ஸ்க்ரீனில் கிடைப்பது 0.91. முடி காணாமல் போய் வானம் வந்துவிட்டது. கன்னம் 0.5, அதன்மேல் வரும் மரத்தூர் 0.1 என்றால் கிடைப்பது 0.55. கன்னம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. பின்னணி 1 என்றால் மேலே எது வந்தாலும் 1-தான்.

புதியவர்கள் பெரும்பாலும் செய்வது வேறு. மேல் லேயரின் ஒபாசிட்டியை, அதாவது கீழே உள்ளதை அது மறைக்கும் அளவை, 50 சதவீதமாகக் குறைத்துவிட்டு டபுள் எக்ஸ்போஷர் என்கிறார்கள். அதே எண்களைப் போட்டுப் பாருங்கள். முடியும் வானமும் சேர்ந்து 0.5, வெள்ளைப் பின்னணியும் மரத்தூரும் சேர்ந்து 0.55. கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை, படம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடும். ஒபாசிட்டியைக் குறைப்பதால் படம் மங்கும், கலக்காது.

படங்களைத் தேர்ந்தெடுப்பது

நேரத்தில் பாதியை இதற்கே செலவழிக்கலாம் என்பேன். சரியான இரண்டு படங்கள் கிடைத்துவிட்டால் மீதி வேலை தானாக நடக்கும்.

அடிப்படம் ஒரு ஆளின் படம். பக்கவாட்டு முகம் சிறப்பு, ஏனென்றால் நெற்றி, மூக்கு, உதடு, தாடை என்று ஓரக்கோடு தெளிவாக வரும். பின்னணி வெறுமையாக, வெளிச்சமாக இருக்க வேண்டும். வீட்டில் வெள்ளைச் சுவர் இருந்தால் போதும். ஆளைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் நான்கைந்து அடி முன்னால் நிறுத்துங்கள். நிழல் சுவரில் விழாது. மொட்டை மாடியில் மேகமூட்டமான வானத்தைப் பின்னணியாக வைத்து, கேமராவைக் கொஞ்சம் கீழே பிடித்து எடுத்தால் இன்னும் நல்லது. போனில் எடுத்தால், திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தை அதற்கு ஏற்ப அமைத்து, பிறகு கொஞ்சமாக ஏற்றுங்கள். முகம் சற்று இருட்டாகவே இருக்கட்டும்.

நம் ஊர் ஆட்களை எடுக்கும்போது ஒரு வசதி உண்டு. அடர்ந்த கறுப்பு முடியும் மாநிறமோ கறுப்போ ஆன தோலும் இரண்டாவது படத்தை அருமையாக வாங்கிக்கொள்ளும். முகத்தை வெளுப்பாக்கும் 'பியூட்டி' வசதிகள் போனில் ஓடிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். இந்தக் கலையில் கருமைதான் பலம். அதைத் துடைத்துவிட்டு மேலே என்ன வைத்தாலும் நிற்காது. சட்டையும் அடர் நிறத்தில், கட்டம் கோடு இல்லாமல் இருக்கட்டும்.

நிரப்பும் படத்துக்கு நேர் எதிரான ஒரு குணம் வேண்டும்: அதற்குள்ளேயே கறுப்பும் வெள்ளையும் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும். மரங்கள் இதற்கு ஏன் இவ்வளவு பயன்படுகின்றன என்றால், வெளிர் வானத்தின் முன்னால் கிளையும் இலையும் கூர்மையான கறுப்பு உருவங்களாக நிற்பதால்தான். அதிலும் பனைக்கு ஈடு இல்லை. தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதற்காகச் சொல்லவில்லை. விசிறியாக விரியும் ஓலையின் முனைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். தலைமுடியின் இடத்தில் வைத்தால் கலைந்த கூந்தல் போலவே இருக்கும். நான் இங்கே எடுத்துக்கொள்வது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில் எடுத்த ஒரு பனங்காட்டுப் படம்: மேலே நீல வானம், நடுவே பனைகள், கீழே சிவந்த மணல்.

கூட்டம் நிறைந்த கடைத்தெரு, பூந்தோட்டம், எல்லாத் தளத்திலும் சிற்பம் நிறைந்த கோபுரத்தின் நெருக்கப் படம் ஆகியவை இதற்குச் சரிவராது. எல்லா இடமும் இடைப்பட்ட தொனியில், அதாவது கறுப்பும் வெள்ளையும் இல்லாத நடு வெளிச்சத்தில், இருந்தால் முகத்தை மொத்தமாக மூடிவிடும். கோபுரம்தான் வேண்டும் என்றால் தூரத்திலிருந்து, அந்தி வானத்தின் முன்னால் நிழலுருவாக எடுங்கள்.

இணையத்திலிருந்து எடுத்த படமாக இருந்தால் உரிமத்தைப் பாருங்கள். விக்கிமீடியா காமன்ஸில் உள்ள பல படங்களை எடுத்தவர் பெயரைச் சொல்லித்தான் பயன்படுத்த வேண்டும். சிலவற்றில், மாற்றிச் செய்த படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும்.

அடிப்படத்தைத் தயார் செய்வது

ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுத்து ஆளின் படத்தைத் திறக்கவும். தலைக்கு மேலும் முகத்துக்கு முன்னும் தாராளமாக இடம் விட்டு கிராப் செய்யுங்கள். பிறகு ஓலைகள் தலையைத் தாண்டி வெளியே நீள அந்த இடம் வேண்டும். ஏ4 அளவில் அச்சடிக்கும் எண்ணம் இருந்தால் படம் 2480-க்கு 3508 பிக்செலாவது இருக்கட்டும். அங்குலத்துக்கு 300 பிக்செல் கணக்கு அது.

அடுத்து கலர்ஸ் மெனுவில் டீசாச்சுரேட் கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கவும். நிறம் போய்விட்டால் தொனியை மட்டும் பார்க்கக் கண் பழகும். அப்புறம் கலர்ஸ் மெனுவிலேயே லெவல்ஸ். அதில் மலைபோல ஒரு வரைபடமும் அதன் கீழே மூன்று முக்கோணங்களும் இருக்கும்: இடது கறுப்பு, வலது வெள்ளை, நடுவில் இருப்பது இடைத்தொனி. வலது முக்கோணத்தை இடப்பக்கம் இழுங்கள். சுவர் மெல்ல மெல்ல முழு வெள்ளையாகும். கன்னத்திலும் மூக்கிலும் வெளிச்சம் படும் பகுதி வெளுத்துக் கரையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். இடது முக்கோணத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினால் முடி நல்ல கறுப்பாகும்.

மூலையில் மட்டும் சுவர் இன்னும் சாம்பலாக இருந்தால் லெவல்ஸை மேலும் இழுக்க வேண்டாம், முகம் போய்விடும். மேலே ஒரு புது லேயர் போட்டு, ஓரம் மென்மையான பெரிய பிரஷ்ஷில் வெள்ளை எடுத்து அந்த மூலையில் தடவினால் போதும்.

ஆளை வெட்டி எடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். வெள்ளைச் சுவரில் எடுத்த படத்துக்கு வேண்டவே வேண்டாம். முடியின் ஓரம் வெட்டினால் பெரும்பாலும் கத்தரித்த காகிதம் மாதிரி ஆகிவிடும். லெவல்ஸில் வெளுத்தால் ஒவ்வொரு இழையும் தப்பிக்கும். பின்னணி வேறு மாதிரி இருந்தே தீரும் என்றால் மட்டும் ஃபோர்கிரவுண்ட் செலக்ட் கருவியால் ஆளைத் தேர்ந்தெடுத்து, கீழே வெள்ளை லேயர் வையுங்கள்.

பனங்காட்டை வெளுக்க ஒரு நுட்பம்

ஃபைல் மெனுவில் ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் கொடுத்து பனங்காட்டுப் படத்தைத் திறந்தால் அது மேல் லேயராக வந்து உட்காரும். இதையும் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். ஆனால் இங்கே டீசாச்சுரேட் வேண்டாம்.

காரணம் தேரி மணல். வெயிலில் அது பளபளவென்று இருக்கும். சாதாரணமாக நிறம் நீக்கினால் மணலும் நீல வானமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். ஓலை மட்டும் கொஞ்சம் கறுப்பாக நிற்கும். இப்போது ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். டிஜிட்டல் படம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சானல்கள் சேர்ந்தது. நீலச் சானலில் மட்டும் பார்த்தால் வானம் மிக வெளிச்சமாக இருக்கும். சிவந்த மணல் இருண்டிருக்கும். பச்சை ஓலையும் இருண்டிருக்கும். நமக்கு வேண்டியது அப்படியே இதுதான்.

கலர்ஸ் மெனுவில் காம்பொனென்ட்ஸ், அதற்குள் மோனோ மிக்சர் போங்கள். சிவப்பை 0, பச்சையை 0, நீலத்தை 1 என்று வையுங்கள். கண் முன்னாலேயே வானம் வெளுத்து, மணலும் மரமும் கறுப்பாக இறங்குவதைப் பார்க்கலாம். போன் படங்களில் நீலச் சானலில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் அதிகம் இருக்கும். உறுத்தினால் பச்சையை 0.3, நீலத்தை 0.7 என்று பகிர்ந்துகொள்ளுங்கள். ஃபோட்டோஷாப்பில் பிளாக் அண்ட் ஒயிட் என்ற திருத்தத்தில் நீலத்தை ஏற்றிச் சிவப்பை இறக்கினால் இதே விளைவு வரும். அதன்பின் லெவல்ஸில் வானத்தை முழு வெள்ளையாக்கி, மரத்தை நல்ல கறுப்பாக்கி முடித்துவிடலாம்.

கலப்பது

லேயர் பட்டியலில் பனங்காட்டைத் தேர்ந்தெடுத்து, மேலே நார்மல் என்று இருக்கும் இடத்தில் ஸ்க்ரீன் என்று மாற்றுங்கள். சட்டென்று முகத்துக்குள் காடு வந்துவிடும், வெளியே வெள்ளை மட்டும் இருக்கும். ஆனால் சரியான இடத்தில் இன்னும் உட்கார்ந்திருக்காது.

மூவ் கருவியால் நகர்த்துங்கள், ஸ்கேல் கருவியால் அளவை மாற்றுங்கள்; நீளமும் அகலமும் சேர்ந்து மாற, சங்கிலிக் குறி பூட்டியிருக்க வேண்டும். எங்கே வைப்பது? மேலே போட்ட கணக்கைப் பாருங்கள். வானம் படும் இடத்தில் ஆள் கரைந்துபோவார்; மரமும் மணலும் படும் இடத்தில் ஆள் மிஞ்சுவார். அதனால் பனையின் கொண்டைப் பகுதி உச்சந்தலையிலும் பின்தலையிலும் வரட்டும். அங்கே ஓலைக்கு இடையிலான வானம் முடியைக் கரைத்து, தலையின் உருண்டை ஓரத்தையே அழித்துவிடும். ஓலைகள் மட்டும் கறுப்பாக மிஞ்சி முடியாக மாறும். மரங்கள் நெருங்கி நிற்கும் இருண்ட பகுதி கண்ணுக்கும் கன்னத்துக்கும் மேல் வந்தால் முகம் பிழைத்துக்கொள்ளும். மணல் தோளுக்கும் மார்புக்கும். ஒரு தூர் நேராகக் கண்ணைக் குறுக்கே வெட்டினால் படத்தைக் கிடைமட்டமாகப் புரட்டிப் பாருங்கள், பல சமயம் அதிலேயே தீர்ந்துவிடும். இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். பத்து பிக்செல் நகர்ந்தால் படத்தின் உயிரே மாறும்.

முகத்தை மீட்பது

பனங்காட்டு லேயரில் வலது கிளிக் செய்து ஆட் லேயர் மாஸ்க் கொடுங்கள். வெள்ளை என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் லேயர் தெரியும், கறுப்பு இருக்கும் இடத்தில் மறையும், சாம்பல் என்றால் அரைகுறை. அழிப்பான் போல எதையும் நிரந்தரமாக அழிக்காது என்பதால் பயமில்லாமல் விளையாடலாம்.

கீபோர்டில் 'டி' எழுத்தை அழுத்தினால் நிறங்கள் கறுப்பு வெள்ளைக்கு வந்துவிடும். 'எக்ஸ்' அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். ஓரம் மென்மையான பிரஷ் எடுத்து அதன் ஒபாசிட்டியை 20 அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கின் சின்னப் படத்தை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, கறுப்பால் கண், மூக்கின் ஓரம், உதடு என்று மெல்லத் தடவுங்கள். ஒரே தடவையில் கொண்டுவர வேண்டாம். நான் எப்போதும் கண்ணில்தான் தொடங்குவேன். கண் தெளிவாகிவிட்டால், கன்னத்தில் மரம் எவ்வளவு இருந்தாலும் அது ஆளின் படமாகவே நிற்கும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை கிளிக் செய்தால் மாஸ்க் தற்காலிகமாக அணையும், முன்பின் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் அதற்கு ஷிஃப்ட்.

ஓலையைத் தலைக்கு வெளியே நீட்டுவது

இதுவரை செய்ததே நல்ல படம்தான். ஆனால் ஓலைகள் தலையின் ஓரத்தில் வந்து சடாரென்று நின்றுவிடும், ஏனென்றால் வெளியே எல்லாம் வெள்ளை. அவை எல்லையைத் தாண்டினால்தான் இரண்டு படங்கள் என்ற உணர்வு போய் ஒரே உருவமாகும்.

பனங்காட்டு லேயரை டூப்ளிகேட் செய்யுங்கள். இடத்தை நகர்த்திவிட வேண்டாம். புது லேயரின் முறையை மல்டிப்ளை என்று மாற்றுங்கள். இது ஸ்க்ரீனுக்கு எதிர்: வெள்ளை மறைந்துவிடும், கறுப்பு மட்டும் பதியும். கூடவே வந்த மாஸ்க்கை முழுக்கக் கறுப்பால் நிரப்புங்கள். லேயர் மொத்தமும் மறைந்துவிடும். இப்போது வெள்ளை பிரஷ்ஷால், தலையின் ஓரத்துக்கு வெளியே, ஓலை எந்தப் பக்கம் நீள வேண்டுமோ அந்தப் பக்கம் தடவுங்கள். உள்ளே நின்ற ஓலை வெளியே வளர்ந்து வரும். இரண்டு லேயரும் ஒரே இடத்தில் இருப்பதால் இணைப்பு தெரியாது. நெற்றி, மூக்குப் பக்கம் போக வேண்டாம். பின்தலையோடு நிறுத்திக்கொண்டால் முகத்தின் ஓரக்கோடு சுத்தமாக இருக்கும். ஓலையைச் சுற்றிச் சாம்பல் படிந்தால் வானம் இன்னும் முழு வெள்ளையாகவில்லை என்று அர்த்தம். இந்த லேயருக்கு மட்டும் லெவல்ஸ் திறந்து வலது முக்கோணத்தை இன்னும் கொஞ்சம் இழுங்கள்.

நிறம், சரிபார்ப்பு, சேமிப்பு

கறுப்பு வெள்ளையாகவே விடலாம். நிறம் வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர் போட்டு, அடர்ந்த செம்மண் நிறத்தால் நிரப்புங்கள். 0 முதல் 255 வரையிலான அளவில் சிவப்பு 80, பச்சை 25, நீலம் 15 என்று தொடங்கிப் பாருங்கள். அதன் முறையையும் ஸ்க்ரீன் ஆக்குங்கள். கறுப்பாக இருந்த இடமெல்லாம் தேரி மணலின் நிறமாகும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஒரு நிறம் போதும். முகத்துக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று என்று போட்டால் கலந்த படம் மறுபடி பிரிந்துவிடும்.

முடிக்குமுன் ஒரு சோதனை. லேயர் மெனுவில் நியூ ஃப்ரம் விசிபிள் கொடுத்து, வரும் லேயரில் லெவல்ஸ் திறந்து இடது முக்கோணத்தை 240 வரை வலப்பக்கம் தள்ளுங்கள். வெள்ளை என்று நினைத்த பின்னணியில் உள்ள கறையெல்லாம் கறுப்பாகக் காட்டிக்கொடுக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, அந்த லேயரை நீக்கிவிட்டு, கீழே போய்த் திருத்துங்கள். திரையில் கண்ணுக்குப் படாத அந்த மெல்லிய கறை அச்சில் அழுக்காகத் தெரியும்.

லேயர்களோடு கிம்ப்பின் சொந்த வகையான எக்ஸ்சிஎஃப் கோப்பாக ஒன்று சேமித்து வையுங்கள், நாளைக்கு மாற்றத் தோன்றும். அச்சுக்குக் கொடுக்க எக்ஸ்போர்ட் ஆஸ் வழியாக ஜேபெக் ஒன்று, தரம் 95. போட்டோ பிரிண்ட் போடும் லேபில் முதலில் சின்ன அளவில் ஒரு பிரிண்ட் போட்டுப் பாருங்கள். திரையைவிடக் காகிதத்தில் இருட்டாகவே வரும் என்பதால், கண்ணும் கன்னமும் அமுங்கிப்போனால் அடிப்படத்தின் லெவல்ஸில் நடு முக்கோணத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்திவிட்டு மறுபடி எக்ஸ்போர்ட் செய்யலாம். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். இல்லையென்றால் அழுத்திச் சுருக்கும்போது ஓலை முனைகள்தான் முதலில் போகும்.